நடுச்சுவரில் கை வைக்கும் முன்

கேள்வி: திருநெல்வேலி டவுனில் எங்களுக்குத் தாத்தா காலத்துக் காரைவீடு. ஒட்டினாற்போல் இருக்கும் வீட்டையும் போன வருடம் மனைவி பெயரில் வாங்கினோம். இரண்டும் 14 அடி அகலம், தேக்குக் கட்டை போட்ட மட்டப்பா (தட்டைக் கூரை). பிள்ளைகள் இரண்டு பேர். நடுச்சுவரை எடுத்துவிட்டு, பெரிய ஹாலோடு ஒரே வீடாக்க ஆசை. மேஸ்திரி "ரெண்டே நாள் வேலை" என்கிறார். செய்யலாமா?

பதில்: இரண்டு நாளில் சுவர் கீழே வந்துவிடும், அது உண்மைதான். கூடவே மட்டப்பாவும் வரும். குறுகலான வீட்டில் கட்டைகள் பக்கச் சுவருக்குப் பக்கச் சுவர்தான் ஓடும். அதனால் உங்கள் நடுச்சுவர்தான் இரண்டு வீட்டு மட்டப்பாவையும் சுமக்கிறது.

அது ஒற்றைச் சுவரா, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டைச் சுவரா என்று முதலில் பாருங்கள். டிரில்லில் மெல்லிய துளை போடுங்கள்; நடுவில் கம்பி சட்டென்று உள்ளே போனால் அங்கே சந்து இருக்கிறது, அது இரட்டைச் சுவர்.

சுவர் நிற்கட்டும். பட்டாசலில் (கூடத்தில்) ஒன்று, அடுக்களைக்கு முன்னால் ஒன்று என்று நாலடி அகலத்தில் இரண்டு வாசல் திறந்தால் போதும். மூலையை ஒட்டித் திறக்காதீர்கள். இரண்டு வீட்டிலும் கட்டைகளுக்கு முட்டுக் கொடுத்த பிறகே சுவரில் உளி படணும். ஒரு பக்கம் மட்டும், சுவரின் பாதிக் கனத்துக்குக் காடி வெட்டி இரும்பு கர்டரைச் செருகி, மேலே உள்ள இடைவெளியைக் கெட்டிக் கலவையால் இறுக்கி அடைக்க வேண்டும். அது இறுகிய பின்தான் மறுபக்கம். இரண்டு கர்டரும் உட்கார்ந்த பிறகே கீழ்ச்செங்கலைக் கழற்றுவது. முனைகள் பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்தில் நேராக உட்காராமல் கான்கிரீட் தலையணைமேல் முக்கால் அடியாவது உட்காரணும். கர்டர் அளவை ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் கணக்குப் போட்டுத் தரட்டும், மேஸ்திரியின் கண்ணளவு இங்கே உதவாது. பிரேக்கர் மெஷினைத் தெருவோடு அனுப்பிவிடுங்கள். அந்த அதிர்வு அடுத்த வீட்டுக் காரையையும் உதிர்க்கும்.

பெரிய ஹால் ஆசைக்கு வருகிறேன். ஒட்டு வீட்டுக்குப் பக்க ஜன்னல் கிடையாது. 28 அடி ஹால் நடுப்பகலிலும் லைட் போட்ட ஹாலாகத்தான் இருக்கும். இரண்டு முற்றமும் அக்கம்பக்கமாக அமைந்திருந்தால் அதிர்ஷ்டம்: அந்த இடத்தில் சுவர்மேல் மட்டப்பா பாரம் இல்லை. இரு முனையிலும் இரண்டடிச் சுவரை விட்டு, நடுவைத் தாராளமாகத் திறக்கலாம். வீட்டின் அழகே அங்கேதான் கூடும். ஒரு மாடிப்படியும் ஒரு அடுக்களையும் மிச்சமாவதில் இன்னொரு அறை கிடைக்கும். ஆனால் இரண்டு முற்றத்துத் தண்ணீரையும் ஒரே தூம்பில் விட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பர் மழையைப் பார்த்தவர்கள்தானே நாம்.

பழைய சுவரில் சிமெண்ட் பூச்சு வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கிப் பொரிந்துவிடும். சுண்ணாம்பே பூசுங்கள்.

வேலைக்கு முன் மாநகராட்சியில் அனுமதி வாங்கிவிடுங்கள். பத்திரங்கள் இரண்டு பெயரில் இருப்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அப்படியே இருக்கட்டும். நாளைக்குப் பிள்ளைகள் தனித்தனியாக இருக்க நினைத்தால், நாலடி வாசலைச் செங்கல் வைத்து அடைக்க ஒரு கொத்தனார் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள், சுண்ணாம்பு காயாது. தை பிறக்கட்டும்.