காண்ட்ரா கேசட்டுக்குள் ஒரு கருப்புப் பொட்டு

சின்ன வயசில் விளையாடிய வீடியோ கேம்களின் அசல் பதிப்புகளை நான் தேடித்தேடிச் சேர்க்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து, கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது ஒரு சந்தேகத்தோடு வந்துவிடுகிறார்கள். இந்த மாதம் வந்த கேள்விகளை எல்லாம் குறித்து வைத்திருந்தேன். ஒரே மூச்சில் பதில் எழுதிவிடுகிறேன்.

அண்ணாச்சி, 96, 97 வாக்கில் நான் விளையாடிய காண்ட்ரா கேசட்டோட ஒரிஜினல் வேணும். எங்கே கிடைக்கும்? (மேலப்பாளையம்)

தம்பி, முதலில் கசப்பு மருந்தைக் குடித்துவிடுங்கள். நீங்கள் விளையாடியது ஒரிஜினலாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. நானும் அப்படித்தான். ஜப்பான் கம்பெனி நிண்டெண்டோ 1983இல் அங்கே விட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியை அப்படியே நகலெடுத்துச் செய்தவைதான் நம் பக்கம் பெரும்பாலும் வந்தன. வளைகுடாவிலிருந்து வந்த மாமா அட்டைப்பெட்டிக்குள் கொண்டுவந்தது, ஆனித் திருவிழாப் பொருட்காட்சியில் அடம்பிடித்து வாங்கியது, எல்லாம் அந்த வகைதான். அதில் செருகிய கேசட்டும் நகல்.

அதனால் உங்களுக்கு வேண்டியது எது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கோனாமி கம்பெனி 1988இல் ஃபேமிகாமுக்கு விட்ட காண்ட்ரா ஒரு சரக்கு. நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து செருகிய கேசட் வேறு சரக்கு. ஜப்பான் கேசட்டைப் போட்டால் அமெரிக்கப் பதிப்பில் இல்லாத சில காட்சிகள் வரும். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரைபடம் காட்டும், காட்டில் மரங்கள் அசையும். நான் முதல் தரம் அதைப் பார்த்தபோது சந்தோஷத்துக்குப் பதில், யாரோ என் வீட்டுத் திண்ணையில் புது ஓடு போட்டுவிட்டது மாதிரி இருந்தது.

நகல் கேசட்டைச் சேர்ப்பதும் சேகரிப்புதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் அலமாரியில் இரண்டு தட்டு முழுக்க நகல்கள். ஒன்றே ஒன்று, நகலுக்கு ஒரிஜினல் விலை கொடுத்துவிடாதீர்கள்.

அது நகலா ஒரிஜினலான்னு பார்த்ததும் தெரியுமா? (பேட்டை)

மேல் ஸ்டிக்கரை வைத்து முடிவு செய்யவே கூடாது. இப்போதைய பிரிண்டர்கள் ஸ்டிக்கரை அச்சு அசலாக அடித்துவிடும். கேசட்டைத் திறந்து பாருங்கள். ஒரிஜினலில் பெரும்பாலும் பச்சை போர்டின் மேல் கால் முளைத்த பூரான் மாதிரி சிப்கள் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றின் முதுகிலும் எண் அச்சிட்டிருக்கும். நகலில் பெரும்பாலும் சிப்பே தெரியாது. போர்டின் நடுவில் தார் ஊற்றினாற்போல ஒரு கருப்புப் பொட்டு இருக்கும், அவ்வளவுதான். சிப்பை அப்படியே போர்டில் ஒட்டி, மேலே பிசினைச் சொட்டிவிட்டால் செலவு மிச்சம்.

நிண்டெண்டோவின் கேம் பாய் என்ற கையடக்கப் பெட்டியின் கேசட்டுக்குத் தனி ஸ்க்ரூ. நம் வீட்டு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதற்குள் போகாது. 3.8 மில்லிமீட்டர் பிட் தனியாக வாங்க வேண்டும். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போட்டிருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எனக்கும் ஒரு தரம் பட்டிருக்கிறது. ஆன்லைனில் ஒருவரிடம் "பாட்டி வீட்டுப் பரணில் கிடந்தது" என்ற கதையோடு ஒரு கேசட் வாங்கினேன். வந்ததும் திறந்தேன், கருப்புப் பொட்டு. அவரைக் கூப்பிட்டால் போன் எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து போர்டின் படம் அனுப்பச் சொல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்புவதில்லை. "திறக்கத் தெரியாது" என்று சொல்கிறவர்களிடம் வாங்குவதும் இல்லை.

9999999 இன் 1 கேசட் இப்பவும் என்கிட்ட இருக்கு. அதில் நிஜமாவே எத்தனை கேம்? (சேரன்மகாதேவி)

பத்தோ, சில கேசட்டில் இன்னும் சிலவோ. மீதி எல்லாம் அதே கேம்தான், தொடங்கும் கட்டத்தை மட்டும் மாற்றிவிட்டு வேறு எண் கொடுத்திருப்பான். பத்திரமாக வையுங்கள்.

மச்சான் ஜப்பானில் வேலை பார்க்கிறான். ஒரு ஃபேமிகாம் கொண்டுவரச் சொல்லியிருக்கேன். வந்ததும் அப்படியே செருகிறலாமா அண்ணாச்சி? (வள்ளியூர்)

செருகிறாதீங்க! அந்த அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டுச் சுவரில் வருவது 230. செருகிய நிமிஷமே அடாப்டர் போய்ச் சேரும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், இல்லாவிட்டால் இங்கேயே 10 வோல்ட் டிசி அடாப்டர் ஒன்று பார்க்க வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபேமிகாம் பின்னுக்கு நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். நம் கடைகளில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர் தலைகீழ். கடையில் மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

அடுத்தது டி.வி. 1983 மாடல் ஃபேமிகாமில் ஆண்டெனா வழி மட்டும்தான் படம் வரும், அதுவும் ஜப்பான் சேனல் அலைவரிசையில். நம்ம ஊர் டி.வி. அதைப் பிடிக்காமல் வெறும் புள்ளிமழை காட்டலாம், பிடித்தாலும் கலர் வராமல் போகலாம். எனவே மச்சானிடம் 1993இல் வந்த பிந்தைய மாடலைக் கேளுங்கள். அதில் ஏ.வி. வயர் செருகலாம், ரிமோட்டையும் கழற்றிக்கொள்ளலாம். ஆனால் அழகு என்னவோ பழசில்தான். சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும். இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டனே கிடையாது, அந்த இடத்தில் ஒரு குட்டி மைக் இருக்கும். தம்பிமார்கள் அங்கேயும் இரண்டாம் இடம்தான் போல.

வாத்து சுடுற துப்பாக்கி கிடைச்சிருக்கு. புது டி.வி.யில் ஒரு வாத்துகூட விழ மாட்டேங்குது. துப்பாக்கி கெட்டுப்போச்சா? (சங்கரன்கோவில்)

துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும், டி.வி.தான் ஒத்துவராது. டக் ஹண்ட்டில் விசையை அழுத்திய நொடி திரை ஒரு கணம் முழுக்கக் கருப்பாகும். உடனே வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கியின் முனையில் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் சூடு விழுந்ததாகக் கணக்கு. குழாய் டி.வி. இதைக் கணம் தப்பாமல் காட்டும். எல்.இ.டி. டி.வி. படத்தை வாங்கி, யோசித்து, பிறகு காட்டும். அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும்.

வழி இருக்கிறது. 2006க்குப் பிறகு அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல இலவச கலர் டி.வி. ஞாபகம் இருக்கிறதா? அது குழாய் டி.வி.தான். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுப் பரணில் இன்னும் தூங்குகிறது, மீதி பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. உங்கள் தெருவில் கேட்டுப்பாருங்கள். பழைய கேம்களுக்கு அதைவிடப் பொருத்தமான டி.வி. எனக்குத் தெரிந்து இல்லை. பின் மூடியை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

டேங்க் கேமோட ஒரிஜினல் எது? (முக்கூடல்)

பேட்டில் சிட்டி, நாம்கோ, 1985. மொத்தம் 35 கட்டம், கட்டத்துக்கு 20 எதிரி டேங்க். நாமே செங்கல் அடுக்கிக் கட்டம் செய்யும் வசதியும் உண்டு. ஜப்பான் கேசட்டைத்தான் தேட வேண்டும், அமெரிக்க நிண்டெண்டோவுக்கு இது வரவே இல்லை.

அண்ணா, எனக்கு டாஸ் காலத்து பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாதான் உயிர். அதோட ஒரிஜினல் பெட்டி வாங்கலாம்னு இருக்கேன். எதைப் பார்த்து வாங்கணும்? (அம்பாசமுத்திரம்)

தங்கச்சி, நல்ல ரசனை. 1989இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்து, அடுத்த வருஷம் பழைய பி.சி.களில் ஓடிய டாஸுக்கு வந்தது. வாங்கும்போது பிளாப்பியைவிடக் கையேட்டைத்தான் முதலில் கேட்பேன். காரணம் இருக்கிறது. முதல் கட்டம் முடிந்ததும் குப்பிகள் நிறைந்த ஓர் அறைக்குள் போவோம். ஒவ்வொரு குப்பிக்கும் ஓர் எழுத்து. கையேட்டில் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று கேட்கும். திருட்டுப் பிரதியைத் தடுக்க வைத்த பூட்டு அது. கையேடு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஏதோ ஒரு குப்பியைக் குடித்துச் செத்து விழுந்த கூட்டம் நாம். பூட்டை உடைத்த பிரதி கிடைத்தவர்களுக்கு அந்த அறையே தெரியாது.

ஆகவே கையேடு இல்லாத பெட்டி பாதிதான், விலையும் பாதிதான் கொடுக்க வேண்டும்.

அப்புறம், 2000க்குப் பிந்தைய கம்ப்யூட்டர் கேம் சிடிகளும் சேர்க்கிறீர்கள் என்றால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. சேஃப்டிஸ்க் என்ற பூட்டு போட்ட ஒரிஜினல் சிடிகள் விண்டோஸ் 10இல் ஓடாது. பாதுகாப்புக் காரணம் சொல்லி மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரை எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் முரண்டு பிடிக்கும், அந்தக் காலத்துத் திருட்டுச் சிடி ஜோராக ஓடும். நான் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

பி.எஸ். 2 (பிளேஸ்டேஷன் 2) டிஸ்க் ஒரிஜினலான்னு எப்படிக் கண்டுபிடிக்க? (வண்ணார்பேட்டை)

திருப்பிப் பாருங்கள். டிவிடி என்றால் அடிப்பக்கம் வெள்ளி, சிடியில் வந்த கேம் என்றால் நீலம். வீட்டில் எழுதிய டிஸ்க்கில் ஊதாச் சாயம் தட்டும். பி.எஸ். 1 ஒரிஜினல் கருப்பு, ஆனால் கருப்பில் நகலும் வந்திருக்கிறது, அதை மட்டும் நம்பாதீர்கள். நடு வளையத்தில் பொடி எழுத்தில் பொறித்த எண்களையும் பாருங்கள்.

கேசட் ஓடலைன்னா ஊதிட்டுப் போடலாமா? (தென்காசி)

கூடாது. எச்சில் ஈரம் கேசட்டின் உலோகப் பல்லை அரிக்கும். ஊதியதால் ஓடியது என்று நினைத்தோம், கழற்றித் திரும்பச் செருகியதால்தான் ஓடியது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடையுங்கள். கருப்பு கருப்பாக வரும், வரட்டும்.

இதையெல்லாம் சேர்த்தா பின்னால லாபம் வருமா? (நாங்குநேரி)

லாபம் வேண்டுமென்றால் நகை வாங்குங்கள் அண்ணாச்சி.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள்ள தண்ணி வந்து கேசட் எல்லாம் முங்கிட்டு. அப்படியே மூட்டை கட்டி வச்சிருக்கேன். தூக்கிப் போட்டுறவா? (நெல்லை ஜங்ஷன்)

போடாதீங்க. கேசட்டில் மின்சாரம் ஓடாதபோது தண்ணீர் மட்டும் அதைக் கொல்லாது, காயாத சேறும் துருவும்தான் கொல்லும். ஒவ்வொன்றாகத் திறந்து போர்டை வெளியே எடுங்கள். சேவ் பண்ணும் கேம் என்றால் உள்ளே ஒரு வட்ட பேட்டரி இருக்கும். அது கசிந்திருந்தால் முதலில் அதைக் கழற்றச் சொல்லுங்கள், பழைய சேவ் போனால் போகட்டும். போர்டை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, பிறகு ஆல்கஹாலில் ஒரு முறை அலசுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும். ஃபேன் காற்றில் இரண்டு முழு நாள். அதற்குள் செருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளத்தில் என்னுடைய கேசட்டுகளிலும் 11 அடித்தட்டில் இருந்து நனைந்தன. இப்படிச் செய்து 9 ஓடின. ஓடாத இரண்டில் ஒன்று கருப்புப் பொட்டு கேசட், ஒன்று ஜப்பான் ஒரிஜினல். அட்டைப்பெட்டிகள் மட்டும் கையில் எடுத்ததும் குழைந்த சோறு மாதிரி பிய்ந்துவிட்டன.