டைப்-சி ஹப் வழியாக லேப்டாப்பை சார்ஜ் செய்தால் ஏதாவது ஆகிவிடுமா?

கேட்டிருப்பது இதுதான்: ஆபீஸ் லேப்டாப்புடன் 65 வாட் சார்ஜர் வந்திருக்கிறது, அதை 100 வாட் என்று போட்ட ஒரு ஹப்பில் (லேப்டாப்பின் ஒரு டைப்-சி ஓட்டையில் மாட்டி, பல போர்ட்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி) செருகி, அந்த ஹப்பை லேப்டாப்பில் செருகினால் மதர்போர்டு போய்விடுமா, 100 வாட் தாங்குமா என்று.

போகாது. அந்த 100 வாட்டைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. டைப்-சியில் பவர் டெலிவரி என்ற முறை இருக்கிறது, அதன்படி சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டும்தான் கொடுக்கும். அப்புறம் தன்னால் 9, 15, 20 வோல்ட் என்று எதெல்லாம், எத்தனை ஆம்பியர் வரை கொடுக்க முடியும் என்று சொல்லும், லேப்டாப் அதில் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேட்காமல் 20 வோல்ட் வராது. அதனால் 65 வாட் லேப்டாப்புக்கு 100 வாட் சார்ஜரையே நேராகப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஹப் மேல் எழுதியிருக்கும் 100 வாட் என்பது அந்த ஹப் அதிகபட்சம் உள்ளே வாங்கத் தாங்கும் அளவு, அவ்வளவுதான். அது லேப்டாப்புக்குப் போய்ச் சேரும் அளவு இல்லை.

நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். ஹப் தன் சொந்தச் செலவுக்கும் அதில் மாட்டும் ஹார்டு டிஸ்க், கீபோர்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து சுமார் 10 முதல் 15 வாட் வரை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைத்தான் லேப்டாப்புக்குச் சொல்லும். உங்கள் 65 வாட்டில் லேப்டாப்புக்கு 50 அல்லது 55தான் கிடைக்கும். சாதாரண ஆபீஸ் வேலைக்கு இது தாராளம். வீடியோ எடிட்டிங் மாதிரி கனமான வேலை ஓடினால், சார்ஜர் மாட்டியிருக்கும்போதே பேட்டரி மெதுவாக இறங்கும், சில லேப்டாப்புகள் "சார்ஜர் மெதுவானது" என்று திரையில் காட்டும். பழுது ஒன்றும் இல்லை, கணக்குதான் பற்றவில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது கேபிள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான், 20 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 60 வாட். அதற்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும், அதன் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும், அது இருந்தால்தான் சார்ஜர் 3 ஆம்பியரைத் தாண்டி கொடுக்கும். உங்கள் 65 வாட் சார்ஜர் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர், அதனால் போன் டப்பாவில் வந்த சாதாரண கேபிளைப் போட்டால் அது 60 வாட்டிலேயே நின்றுவிடும். இதில் ஆபத்து இல்லை. ஆபத்து தப்பாகச் செய்த கேபிளில். 2016 பிப்ரவரியில் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் ஆன்லைனில் விற்ற கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே மின்சார ஒயரையும் கிரவுண்டு ஒயரையும் மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிளால் அவருடைய குரோம்புக் பிக்சல் லேப்டாப்பே கெட்டுப்போனது. அடுத்த மாதமே அமேசான், தரவிதிக்கு உட்படாத டைப்-சி கேபிள்களை விற்கக் கூடாது என்று விதி போட்டது. ஒரு கேபிளால் இவ்வளவும் நடக்கும் என்னும்போது, பிளாட்பாரத்தில் பெயரில்லாத கேபிளை வாங்கி அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் மாட்டாதீர்கள் என்று கெஞ்சித்தான் கேட்கிறேன். ஹப்பில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, கேபிளிலும் சார்ஜரிலும் வேண்டாம். இந்தியாவில் விற்கும் சார்ஜரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியும் அதனுடன் ஒரு பதிவு எண்ணும் இருக்க வேண்டும், 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டிவிடும்.

இன்னொன்று, பழைய உருண்டை பின் லேப்டாப்பை டைப்-சி சார்ஜரில் ஓட்டுவதற்கு ஒரு மாற்றுக் கேபிள் விற்கிறார்கள். அதற்குள் இருக்கும் சிப் சார்ஜரிடம் 20 வோல்ட் கேட்டு வாங்கி அப்படியே வெளியே விட்டுவிடும், அந்தப் பக்கம் லேப்டாப்புக்குப் பேச வழியே இல்லை, எவ்வளவு இழுக்கலாம் என்பதும் அதற்குத் தெரியாது. நான் அதை யாருக்கும் சொல்வதில்லை.

ஹார்டு டிஸ்க் விஷயம் முக்கியம். ஹப்பில் சார்ஜரைச் செருகும்போதும் உருவும்போதும், எத்தனை வோல்ட் என்று கேட்டு வாங்கும் அந்தப் பேச்சுவார்த்தை முதலிலிருந்து நடக்கும், பல ஹப்புகளில் அந்த ஒரு நொடி எல்லா இணைப்பும் அறுந்து மறுபடி வரும். இரண்டு போர்ட் உள்ள 65 வாட் சார்ஜரில் லேப்டாப் ஓடும்போது பக்கத்துப் போர்ட்டில் போனைச் செருகினாலும் இதே கதைதான், 65 என்பது 45, 20 என்று பிரியும், பிரியும்போது லேப்டாப்புக்கு வரும் மின்சாரம் ஒரு நொடி நின்று வரும். கூட வேலை செய்பவர் ஒருவர் கல்யாண போட்டோக்களை வெளி டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வீட்டில் யாரோ சார்ஜரைப் பிடுங்கிப் போனுக்குப் போட்டுவிட்டார்கள், டிஸ்க்கில் பாதி ஃபோல்டர் திறக்கவே இல்லை. காப்பி ஓடும்போது சார்ஜரைத் தொடாதீர்கள், தொடத்தான் வேண்டுமென்றால் முதலில் டிஸ்க்கை 'எஜெக்ட்' செய்துவிடுங்கள்.

ஹப் கொஞ்சம் சூடாவது இயல்பு, உலோக உடம்பு இருப்பதே சூட்டை வெளியே விடத்தான். கையை வைத்திருக்கவே முடியாத சூடு, பிளக் பக்கம் பிளாஸ்டிக் பழுப்பாவது, கருகல் வாசம், இதில் எது வந்தாலும் அந்தக் கேபிளையோ ஹப்பையோ தூக்கிப் போட வேண்டியதுதான். மெத்தை மேலும் தலையணைக்கு அடியிலும் வைத்து ஓட்டாதீர்கள்.

லேப்டாப் உடம்பில் கை வைத்தால் சுருசுருவென்று இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜரில் இது வரும், உள்ளே மின் இரைச்சலை அடக்க வைத்திருக்கும் கெப்பாசிட்டர் என்ற சின்ன உறுப்பு வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசிகிறது, ஹப்பின் உலோக உடம்பிலும் அதை உணரலாம். நல்ல சார்ஜரில் அது ஆளுக்குத் தீங்கு செய்யும் அளவு இல்லை. ஆனால் எர்த் உள்ள மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளை அப்படியே செருகும்போது குட்டிப் பொறி பறக்கலாம், அதனால் கேபிள்களை எல்லாம் மாட்டிவிட்டுக் கடைசியில் சுவிட்சைப் போடுங்கள். மூன்று பின் சார்ஜரை, எர்த் சரியாக இருக்கும் பிளக்கில் போட்டால் அந்தச் சுருசுருப்பு போய்விடும். அப்படியும் போகவில்லை, அல்லது சுளீரென்று அடிக்கிறது என்றால் வீட்டு வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், அதுவரை அந்த பிளக்கில் எதையும் போடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒன்று மட்டும் பாருங்கள், உங்கள் லேப்டாப்பில் டைப்-சி ஓட்டை இரண்டு இருந்தால் இரண்டுமே சார்ஜ் ஏற்றும் என்று இல்லை. பக்கத்தில் பிளக் அல்லது பேட்டரி படம் போட்டிருக்கிறதா, மாடலின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஹப்பை ஆர்டர் போடுங்கள்.