மார்பகப் புற்றுநோய் வந்து குணமான அம்மாவுக்கு இப்போது வயிற்றில் புற்றுநோய் என்கிறார்கள். இது புதிதா, பழையதுதான் பரவியதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் இதை மட்டும் கேட்டுவிடுங்கள்: "பழைய மார்பகக் கட்டியோட பிளாக்கையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்தாச்சா சார்?" பிளாக் என்பது அன்று வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பது.

நான் மருத்துவர் இல்லை. மன்னார்குடி பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். "டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ" என்று பின்னூட்டம் போடுகிறவர்கள் போடட்டும். எங்கள் டாக்டருக்குத் தெரியாமல் போனதே நான் சொல்லாததால்தான்.

அம்மாவுக்கு 2013-ல் சென்னையில் இடது மார்பகத்தை எடுத்தார்கள். ஊரில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். புற்றுநோய் திரும்ப வராமலிருக்க ஐந்து வருஷம் தினமும் டமாக்சிஃபென். அந்த மாத்திரையைக்கூட ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார்.

2022 ஆடியில் சாப்பாடு குறைந்தது. நடவு நாளில் ஒரு சட்டிப் பழையதை நின்றபடியே குடித்துவிட்டு வயலுக்குப் போகிறவர், அரை இட்லியில் தட்டைத் தள்ளினார். "நெஞ்சோட நிக்கிது பாப்பா, எறங்க மாட்டேங்குது" என்பார். இட்லியைப் பிட்டு, சாம்பாரில் தோய்த்து, வாய்வரை கொண்டுபோய்த் திரும்பத் தட்டிலேயே வைத்துவிடுவார். விரல் தடம் பதிந்த துண்டுகள் தட்டோரத்தில் வரிசையாகக் கிடக்கும். நாங்கள் வாய்வு என்று நினைத்தோம். ஓமத்தண்ணீர், சுக்குக் கஷாயம், மெடிக்கலில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை என்று நாலு மாதம் போய்விட்டது.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் எண்டோஸ்கோபி எடுத்தோம். லேசான புண் என்றார்கள். கிள்ளி எடுத்த சதையிலும் ஒன்றுமில்லை. "முன்னாடி பெரிய ஆபரேஷன் ஏதாவது?" என்று கேட்டபோது அம்மா என் கையை அழுத்தினார். "இல்லை" என்று சொன்னது நான்தான். படித்தவள் இப்படிச் செய்யலாமா என்று கேட்பீர்கள். ஒன்பது வருஷம் ஒரு வீடே சேர்ந்து காத்த விஷயத்தை முன்பின் தெரியாத அறையில் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

இரண்டு மாதத்தில் வாந்தி. 11 கிலோ இறங்கிவிட்டார். மறுபடி எண்டோஸ்கோபி. இந்த முறை காற்றை உள்ளே செலுத்தியும் வயிறு விரியவில்லை. சிடி ஸ்கேனில் வயிற்றுச் சுவர் தடித்திருந்தது. பல இடங்களில், ஆழமாகச் சதை எடுத்தார்கள். "சிக்னெட் ரிங் செல்", அதாவது மைக்ராஸ்கோப்பில் முத்திரை மோதிரம் போலத் தெரியும் புற்றுச் செல், என்று ரிப்போர்ட் வந்தது. வயிற்றுப் புற்றுநோய், வயிற்றையே எடுக்க வேண்டும் என்றார்கள். தேதியும் குறித்தார்கள்.

அதற்கு முந்தின நாள் ஈசிஜி எடுக்க வந்த பெண் அம்மாவின் தழும்பைப் பார்த்தார். "இது எப்பம்மா ஆச்சு?" என்றார். கால் மணி நேரத்தில் சர்ஜன் வந்து நின்றார். திட்டவில்லை. ஆபரேஷனை நிறுத்திவிட்டு, பழைய ரிப்போர்ட் வேண்டும் என்றார்.

பழைய ஃபைல் ஏது? 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனபோது டிரங்குப் பெட்டியோடு நனைந்து கூழாகிவிட்டது. அன்று எங்கள் கொல்லையில் 32 தென்னை சாய்ந்தது. கணக்கெடுக்க வந்தவர் 19 என்று எழுதிக்கொண்டு போனார். சாய்ந்து கிடந்த மரத்தை ஒவ்வொன்றாகக் காட்டியும் அவர் குனிந்து பார்க்கவில்லை. அப்பா இருந்தவரை அந்த 13 மரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், கஜா என்ற பேச்சு வந்தாலே எனக்கு இது வந்துவிடுகிறது.

சென்னை மருத்துவமனையின் பதிவு எண்ணை அம்மா தன் வங்கிப் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தார். அதை வைத்துக் கேட்டதில், 2013-ல் எடுத்த சதையை மெழுகில் பதித்த பிளாக் அங்கேயே பத்திரமாக இருந்தது. ரிப்போர்ட் நகலும் கிடைத்தது. அதில் "இன்வேசிவ் லோபுலர் கார்சினோமா" என்று இருந்தது.

உங்கள் அம்மாவின் பழைய ரிப்போர்ட்டில் இந்த "லோபுலர்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மார்பகப் புற்றுநோயில் 100-க்குப் பத்து, பதினைந்து பேருக்குத்தான் இந்த வகை. ஆனால் வயிற்றுக்குப் பரவுவது பெரும்பாலும் இதுதான், அதுவும் பல வருஷம் கழித்துக்கூட. கட்டியாகத் திரளாமல், செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றின் உள்தோலுக்கு அடியில் ஊர்ந்து பரவும். அதனால் மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம், மேலாகக் கிள்ளிய சதையும் ஏமாற்றலாம். மைக்ராஸ்கோப்பில் இதுவும் சிக்னெட் ரிங் செல்லாகவே தெரியலாம். வயிற்றில் பிறந்த புற்றுநோய்க்கும் அதே முகம்.

பிரித்துக் காட்டுவது ஐ.எச்.சி. என்கிற சாயப் பரிசோதனை. வயிற்றில் எடுத்த அதே சதையில் செய்யலாம். அம்மாவுக்கு மார்பகப் பக்கம் காட்டும் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர், காட்டா-3, மாமாகுளோபின் மூன்றும் பாசிட்டிவ். குடல், வயிற்றுப் பக்கம் காட்டும் சிடிஎக்ஸ்-2, சிகே-20 நெகட்டிவ். பழைய பிளாக்கும் அதே மாதிரி. ஒரு சாயத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

பழையதுதான் பரவியிருந்தது. பரவியது என்று ஆனபின் வயிற்றை எடுத்துப் பயனில்லை, உடம்பு முழுவதற்குமான மருந்துதான் என்றார்கள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோலும் இன்னொரு மாத்திரையும் கொடுத்தார்கள். குணமாகாது, கட்டுப்படும் என்பதை மறைக்காமல் சொன்னார்கள். மூன்றாம் மாதம் இரண்டு இட்லி சாப்பிட்டார். இரண்டு பொங்கலுக்குத் தானே பானை வைத்தார். 26 மாதம் இருந்தார்.

பழைய ஆபரேஷன் நடந்த இடத்துக்கு நாளைக் காலையே போன் செய்யுங்கள். பதிவு எண் இல்லாவிட்டாலும் பெயர், வருஷம், மாதம் சொல்லிக் கேளுங்கள். பிளாக்கை எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். அம்மா கையை அழுத்தினாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.