வேடந்தாங்கல் தண்ணீரும் யூரியா மூட்டையும்: கேள்வி பதில்

சூழலியல் பற்றிக் கேளுங்கள் என்றதும் பரீட்சை முதல் மாடித் தோட்டம் வரை கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, வரிசையையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

பிளஸ் டூ மாணவி, மதுராந்தகம்: சார், ஆற்றல் ஒரு வழியில் போகிறது, பொருள்கள் சுழல்கின்றன என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் புரியவில்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே விடை இருக்கிறதம்மா. ஏதோ ஓர் ஏரியில் கூழைக்கடா ஒரு கெண்டையைப் பிடித்துக்கொண்டு வேடந்தாங்கலில் இருக்கும் தன் கூட்டுக்குப் பறக்கிறது. அந்த மீனுக்குள் இரண்டு சமாசாரம் உண்டு. ஒன்று, பாசி வெயிலிலிருந்து பிடித்து, கைமாறி மீனுக்கு வந்த ஆற்றல். இன்னொன்று, கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற பொருள்கள். பறப்பதிலும் உடம்பைச் சூடாக வைத்திருப்பதிலும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகிவிடும். அந்த வெப்பத்தைப் பிடித்து எந்தச் செடியும் மறுபடி மாவுச்சத்து செய்ய முடியாது. கடைசியில் அது விண்வெளிக்குப் போய்விடும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் அப்படிப் போவதில்லை. எச்சமாக மரத்தடித் தண்ணீரில் விழும், பாசி எடுத்துக்கொள்ளும், பாசியிலிருந்து மறுபடி மீனுக்கு வரும். அதே பாஸ்பரஸ் அணு அடுத்த வருஷம் இன்னொரு கூழைக்கடாவுக்குள் இருக்கலாம். வெயில் மட்டும் தினமும் புதிதாக வந்தாக வேண்டும்.

இன்னொன்று: சுழற்சி தானாகச் சுற்றுவதில்லை. அந்தக் கூழைக்கடாவின் சிறகு அடிக்கவில்லை என்றால் பாஸ்பரஸ் அந்த ஏரியிலேயே கிடக்கும்.

அவரே: பத்து சதவீத விதி என்றால் சரியாகப் பத்துதானா?

இல்லை. உணவுச் சங்கிலியில் ஒரு படியில் இருக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும் என்பதுதான் அந்த விதி. ரேமண்ட் லிண்ட்மன் என்ற இளைஞர் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சிறிய ஏரியில் யார் யாரைத் தின்கிறார்கள், எவ்வளவு ஆற்றல் கைமாறுகிறது என்று கணக்குப் போட்டார். கட்டுரை 1942-ல் அச்சாவதற்குச் சில மாதம் முன்பு, 26 வயதில் இறந்துவிட்டார். அவர் கணக்கிலேயே ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு சதவீதம். 10 என்பது பிற்பாடு வசதிக்காக நிலைத்துப்போன சராசரி. பறவைகளைப் பொறுத்தவரை, தின்று செரித்த ஆற்றலில் ஓரிரு சதவீதம்தான் புதுச் சதையாகிறது. மீனும் பூச்சியும் இதில் நம்மைவிடச் சிக்கனம்.

ஆட்டுக்கறி விலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் உண்டு. ஆனால் நாம் தின்ன முடியாத புல்லைத்தான் ஆடு தின்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நெல் விவசாயி, வேடந்தாங்கல் பக்கம்: ஐயா, பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் உரம் குறைவாகப் போதும் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். உண்மையா, பழங்கதையா?

உண்மைதான். பறவைகளைச் சுடக்கூடாது என்று உங்கள் ஊர்க்காரர்கள் 1798-லேயே செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் உத்தரவு வாங்கினார்கள். பறவைப் பாசம் மட்டும் காரணமில்லை, விளைச்சலும்தான்.

ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர். பறவைகள் இரை தேடும் பரப்போ அதைப்போலப் பல மடங்கு. சுற்றுவட்டாரத்து ஏரிகளின் மீனையும் வயல்களின் நத்தையையும் தின்றுவிட்டு ஒரே இடத்தில் வந்து எச்சமிடுகின்றன. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக உடைக்கும். உங்கள் யூரியாவும் வயலில் இதே வழியில்தான் போகிறது.

அதற்காக மூட்டை வாங்குவதை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். ஒரு டன் நெல் விளையப் பயிர் 15 முதல் 20 கிலோ நைட்ரஜன் எடுக்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதே 20 கிலோ சொச்சம்தான். மதகில் வரும் தண்ணீரில் எவ்வளவு இருக்கும் என்பது அந்த வருஷத்துப் பறவை வரத்தையும் மழையையும் பொறுத்தது. இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பச்சை போதுமென்றால் அடுத்த தவணையைத் தள்ளிப்போடுங்கள். பச்சை அதிகமானால் பூச்சிக்குத்தான் விருந்து.

ஐடி ஊழியர், ஓசூர்: காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கும்போது உரமாக ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

அந்த இரண்டு அணுக்களும் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரிக்க ஆற்றல் செலவாகும். பயறுவகை வேர்முடிச்சுகளிலும் அசோலா என்ற நீர்ப்பெரணியிலும் நுண்ணுயிர்கள் வெயிலில் விளைந்த சர்க்கரையைச் செலவழித்துப் பிரிக்கின்றன. ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-ல் ஆய்வகத்தில் செய்துகாட்டியதை 1913 முதல் தொழிற்சாலைகள் செய்கின்றன; இன்று பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை வைத்து. அதுவும் பழங்காலத்து உயிர்கள் பிடித்துவைத்த வெயில்தான்.

விவசாயி, சிவகங்கை மாவட்டம்: கண்மாய் வண்டல் அள்ளி வயலில் போடுவதில் பலன் உண்டா?

உண்டு. முக்கியமாக பாஸ்பரஸுக்காக. கார்பனும் நைட்ரஜனும் வாயுவாகிக் காற்றேறித் திரும்பி வரும். பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு தண்ணீர் போகும் பள்ளத்துக்கே போகும், கடைசியில் கடலடி. அங்கிருந்து மேலேற நிலம் உயரும்வரை கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நடுவில் கண்மாயில் படிந்ததை வண்டியில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள், அவ்வளவுதான்.

காற்றும் சில இடங்களில் இந்த வேலையைச் செய்கிறது. சஹாராவிலிருந்து பறக்கும் புழுதி வருஷத்துக்கு ஏறக்குறைய 22,000 டன் பாஸ்பரஸை அட்லாண்டிக் தாண்டி அமேசானில் கொட்டுகிறது. மழையில் கரைந்து ஆற்றோடு போவதை அது ஓரளவு ஈடுகட்டுகிறது.

பலர்: உலகின் 20 சதவீத ஆக்சிஜனை அமேசான்தானே தருகிறது?

தருகிறது, அதைத் தானே சுவாசித்தும் தீர்த்துவிடுகிறது. உதிர்ந்த இலையை மட்கச் செய்யும் பூஞ்சைகளும் ஆக்சிஜன்தானே எடுக்கின்றன? நிகரக் கணக்கு பூஜ்யத்தை ஒட்டி வரும். அமேசானைக் காப்பாற்ற மழை, கார்பன் என்று வேறு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

மாடித் தோட்டக்காரர், சென்னை: பத்து கிலோ காய்கறிக் கழிவு போட்டால் கால்வாசிகூட உரமாக வருவதில்லை. மீதி எங்கே போகிறது?

பெரும்பகுதி தண்ணீர், ஆவியாகிவிட்டது. கார்பனில் பாதிக்கு மேல் நுண்ணுயிர்கள் மூச்சாக வெளியே விட்டது. நடுவே கையை விட்டால் சுடுகிறதே, அதுதான் அந்தக் கத்தரிக்காய் பிடித்துவைத்த வெயில். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தால் நைட்ரஜனும் கிளம்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த சருகு சேருங்கள்.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: வெயிலே படாத உயிர்ச்சூழல் உண்டா?

1977-ல் கலாபகோஸ் அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் கண்டார்கள். அங்கே பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து ஆற்றல் எடுக்கின்றன. ஆனால் அவற்றில் பல அதற்குப் பயன்படுத்தும் ஆக்சிஜன், மேலே வெயிலில் உண்டானது.

இல்லத்தரசி, நாகப்பட்டினம்: மேலே போகப் போக ஆற்றல் குறையும் என்கிறீர்கள். விஷம் மட்டும் ஏன் கூடுகிறது? மகள் மாசமாக இருக்கிறாள், மீன் கொடுக்கலாமா?

ஆற்றல் எரிந்து தீர்ந்துவிடும். டிடிடி (DDT) போன்ற பூச்சிமருந்துகள் எரிவதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை; கொழுப்பில் தங்கிவிடும். கலிஃபோர்னியாவின் கிளியர் ஏரியில் கொசு போன்ற ஒரு பூச்சியை ஒழிக்க 1949 முதல் டிடிடி-யின் நெருங்கிய உறவான DDD என்ற மருந்தைக் கலந்தார்கள். தண்ணீரில் பத்து லட்சத்தில் 0.02 பங்குதான். அந்த ஏரி மீனைத் தின்ற முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் 1,600 பங்கு இருந்தது, கூட்டமாகச் செத்தன. இப்போது விற்கும் மருந்துகளில் பல சீக்கிரம் சிதைந்துவிடும். பாதரசம் அப்படியில்லை, அதனால் சுறா, கொப்பரன் போன்ற பெரிய வேட்டை மீன்களைப் பிரசவம் வரை தவிர்த்துவிடுங்கள் அம்மா. நெத்திலியும் மத்தியும் பாசியையும் தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிர்களையும் தின்று வளர்பவை; அவற்றைக் கொடுக்கலாம்.