விரலில் டாட்டூ: முதலில் காதுத் தழும்பைக் கவனியுங்கள்

விரல் ஓரத்தில் மகள் பெயரைப் பொடி எழுத்தில் குத்திக்கொள்ளப் போவதாகவும், பத்து நாளில் கடலுக்குச் சுற்றுலா போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காது குத்திய இடம் தடித்துப் புடைத்திருக்கிறது என்று போகிறபோக்கில் சொன்னீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

அது கீலாய்டாக இருக்கலாம். காயம் ஆறிய பிறகும் தழும்பு அடங்காமல், காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்வதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த உடல்வாகு இருந்தால் டாட்டூ ஊசி பட்ட இடமும் புடைக்கலாம். பிடிக்காவிட்டால் லேசரில் அழித்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள், லேசரும் தோலைப் புண்படுத்தக்கூடியதுதான். தோல் மருத்துவரிடம் காதைக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அவர் சரி என்றால், அப்புறம் இடம். விரல் ஓரம் வேண்டாம். ஓயாமல் உரசுகிற, கழுவுகிற இடம் என்பதால் மை சீக்கிரம் மங்கும். வருடம் போகப் போக மை தோலுக்குள் மெல்லப் பரவும் என்பதால், ‘ண’, ‘ழ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். முன்கையில் கொஞ்சம் பெரிதாக எழுதினால் பிழைக்கும். குத்தும் முன் எழுத்தின் மாதிரி அச்சை (ஸ்டென்சில்) தோலில் ஒட்டியதும் புள்ளி, கால் எல்லாம் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். குத்துகிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே!

சுற்றுலா முடிந்து வந்தே குத்துங்கள். புண் ஆற 2 முதல் 4 வாரம் பிடிக்கும், அதுவரை கடலும் நீச்சல் குளமும் கூடாது. புது ஊசியின் உறையை உங்கள் கண்முன் பிரிக்காத கடையில் உட்காரவே வேண்டாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பிறருக்குப் பயன்படுத்திய ஊசி வழியாகத் தொற்றும்.