செவ்வாய்ப்பேட்டை பழைய வீடு விற்கவில்லை: என் பதில்

சார், இன்னும் 6 லட்சம் போட்டு மாடுலர் கிச்சனும் ஃபால்ஸ் சீலிங்கும் செய்தால் செவ்வாய்ப்பேட்டை வீடு விற்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மார்க்கெட் மந்தமாக இருக்கும்போது அந்தப் பணம் திரும்பி வராது. மெட்ராஸ் டெரஸ் கூரையை (மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய பழைய கூரை) ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடினால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். (தேக்கு உத்திரத்தை மூட எப்படித்தான் மனசு வருகிறதோ!)

உங்கள் படத்தில் கூடத்துச் சுவர் முழங்கால் உயரம் வரை கொப்பளித்து, பெயிண்டுக்கு அடியில் உப்புப் பூத்து நிற்கிறது. வீடு பார்க்க வருகிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்தால், தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லை. முதலில் குழாய்க் கசிவு இருக்கிறதா பாருங்கள். பிறகு அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பே பூசி வெள்ளையடியுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனாராகத் தேடுங்கள்.

அப்புறம், பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது என்கிறீர்கள். பேங்க் லோன் போட்டு வாங்க வருகிறவர் அதைப் பார்த்ததுமே நழுவிவிடுவார். வாரிசுச் சான்றிதழ் வைத்துப் பெயர் மாற்றுங்கள், வில்லங்கச் சான்றிதழும் எடுத்து வையுங்கள். புதிதாகக் கட்டிய பாத்ரூமின் பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். மூலதன ஆதாய வரி (வீடு விற்ற லாபத்துக்கான வரி) கணக்கிடும்போது மேம்பாட்டுச் செலவாகக் கழிக்கலாம்.