நிறுத்தி வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் கராஜில் பத்து, இருபது, முப்பது வருடம் நின்ற காரை அதே நிலையில் விற்பது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். முழு ரெஸ்டோரேஷன் எப்படிச் செய்வது என்பது வேறு பேச்சு. கேட்பதற்கு முன் மாடல், வருடம், எத்தனை வருடமாக நிற்கிறது, கைவசம் என்ன பேப்பர் இருக்கிறது என்ற நான்கையும் எழுதுங்கள். கேட்பவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறிக்கிறேன்.

சாட்ஸ்வர்த்: அண்ணே, அப்பாவின் 1971 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் 1994 முதல் கராஜில் நிற்கிறது. ஆர்.சி. இருக்கிறது. ஓடுகிற வண்டி என்றால் கூடுதல் விலை கிடைக்கும் என்கிறார்கள். பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

தம்பி, சாவியைத் தொடாதீர்கள். டர்பன் கடற்காற்றில் இத்தனை வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் அதை இரக்கமில்லாமல் இழுக்கும். ரிங் உடையும், சுவரில் கோடு விழும். அதுவரை சுத்தம் செய்தாலே போதும் என்றிருந்த எஞ்சின் அதன்பின் ரீபோருக்கு, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் வேலைக்கு, போகும்.

முறை இதுதான். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று வரிசையாக வையுங்கள், வாங்க வருபவர் பிளக்கின் நிறத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு துளையிலும் 10 முதல் 15 மில்லி வரை ஊடுருவும் எண்ணெய் விட்டு, துணியால் மூடி ஒரு வாரம் விடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் சேர்க்கலாம். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டு, முன்னால் நின்று பார்க்கும்போது கடிகார திசையில் கையால் மெதுவாக அழுத்துங்கள். அசைந்தால் முழுதாக இரண்டு சுற்று. அசையாவிட்டால் நீட்டுக் குழாய் மாட்டி மல்லுக்கட்ட வேண்டாம், இன்னொரு வாரம் எண்ணெய் ஊறட்டும்.

சுற்றியதா? அங்கேயே நிறுத்திக்கொண்டு, அந்தச் சுற்றை வீடியோ எடுங்கள். 'எஞ்சின் கையால் தாராளமாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் செய்ய முயலவில்லை' என்று எழுதுங்கள். விவரம் தெரிந்தவர் அந்த வரிக்குப் பணம் தருவார். பழைய பெட்ரோல் டேங்கில் பிசினாகியிருக்கும், அது எஸ்.யு. கார்புரேட்டருக்குள் போனால் இன்னொரு செலவு.

இந்த வண்டி லெட் பெட்ரோல் காலத்தில் நிறுத்தியது. நம் நாட்டில் லெட் பெட்ரோல் 2006 ஜனவரியோடு நின்றுவிட்டது. லெட் (ஈயம்) இல்லாத பெட்ரோலில் பழைய வால்வ் சீட் தேயும், அதனால் ஹெட்டில் கெட்டியான வால்வ் சீட் போட்ட ரசீது இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

வெருலம்: விற்பதற்கு முன் பெயிண்ட் அடித்துவிட்டால் நல்லதுதானே?

வேண்டாம். புது பெயிண்டைப் பார்த்ததும் வாங்குபவர் மனதில் எழும் முதல் கேள்வி, அடியில் என்ன மறைந்திருக்கிறது என்பதுதான். மங்கிய பழைய பெயிண்ட் உண்மையைச் சொல்லும். முதலில் தூசியோடு படம் எடுங்கள். பிறகு உள்ளே வாக்யூம், வெளியே வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும். பாலிஷ் மெஷின் தொடவே கூடாது.

டோங்காட்: அண்ணே, அப்பா போன வருடம் தவறிவிட்டார், உயில் இல்லை. கார் அவர் பெயரில். அம்மா கையெழுத்துப் போட்டால் விற்கலாமா?

தங்கச்சி, அம்மாவாக இருந்தாலும் வெறும் கையெழுத்து செல்லாது. உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் எஸ்டேட்டைப் பதிய வேண்டும். மொத்தச் சொத்து 250,000 ராண்டுக்குள் என்றால் அதிகாரக் கடிதம், மேலே போனால் எக்ஸிக்யூட்டர் நியமனக் கடிதம். அந்தக் கடிதத்தில் பெயர் உள்ளவர்தான் விற்க முடியும். இது கைக்கு வருமுன் யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.

லேனேசியா: டாட்சன் 240இஸட் கார். இரண்டு படம் இணைத்திருக்கிறேன். என்ன விலை போகும்?

இரண்டு படத்தில் விலை சொல்பவரை நம்பாதீர்கள். இவை வேண்டும்: சேஸி எண், எஞ்சின் எண் (இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து), நான்கு மூலை, கதவு இடைவெளிகள், பேட்டரி தட்டின் அடி, ஸ்பேர் வீல் பள்ளம், முன் ஃபெண்டரின் பின்கீழ் முனை, அடியில் நீளவாட்டில் ஓடும் ரெயில்கள். அறுபது படத்துக்குக் குறையக் கூடாது. ரீஃப் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கத்து வறண்ட காற்றில் நின்ற வண்டிக்கும் எங்கள் கடற்கரை வண்டிக்கும் விலை வித்தியாசம் பெரிது, எங்கே நின்றது என்பதையும் எழுதுங்கள்.

ஃபீனிக்ஸ்: ஒரே ஒரு தடவை மட்டும் கிராங்க் பண்ணிப் பார்த்தால் என்ன?

சாட்ஸ்வர்த் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். ரிங் உடைய அந்த ஒரு தடவை போதும்.

இசிபிங்கோ: ரசீதில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று எழுதிவிட்டால், அதாவது உள்ளபடியே விற்கிறேன் என்றால், பிறகு யாரும் என்னைக் கேட்க முடியாதல்லவா? எம்.ஜி.பி.யின் 'சில்' பகுதியில் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பாகம்) பட்டி பூசியிருக்கிறது, அது எனக்குத் தெரியும்.

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கே தெரியாத மறைகுறைகளிலிருந்துதான் அந்தச் சொல் உங்களைக் காக்கும். தெரிந்த குறையை ஏமாற்றும் நோக்கத்தோடு மறைத்தால் காக்காது. விளம்பரத்தில் 'துரு இல்லை' என்று எழுதிவிட்டு ரசீதில் ஃபூட்ஸ்டூட்ஸ் போட்டாலும் காக்காது. வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யவோ விலையைக் குறைக்கவோ வழக்குப் போடலாம்.

அதிலும் எம்.ஜி.பி.யின் சில் சாதாரண இடமா? ரோட்ஸ்டருக்குக் கூரை கிடையாது, வண்டியின் முதுகெலும்பே அந்த சில்தான். வெளித்தகடு, நடுத்தகடு, அடியில் கோட்டைச் சுவர் போல மேடுபள்ளமாக மடித்த தகடு என்று மூன்றும் சேர்ந்து சுமை தாங்குகின்றன. வெளித்தகட்டில் பட்டி பூசினால் உள்ளே இரண்டும் பொடியாகியிருப்பது தெரியாது. ஜாக்கில் தூக்கும்போது கதவு இடைவெளி மாறினால் சில் போய்விட்டது என்று அர்த்தம்.

மெரபாங்க்: வாங்குபவர் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால் பட்டி தெரிந்துவிடும். தெரியக்கூடிய குறையை நான் ஏன் சொல்ல வேண்டும்?

வெளிப்படையான குறைக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பது சரி. ஆனால் பட்டிக்குப் பின்னால் உள்ள துரு வெளிப்படையா? காந்தம் ஒட்டவில்லை என்றால் பட்டி இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், நடுத்தகடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அது உங்களுக்குத் தெரியும் என்றால் சொல்லியாக வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: நீங்கள் சொல்வது டீலர்களுக்கான சட்டம். தனி மனிதருக்கு ஆறு மாத உத்தரவாதம் எல்லாம் கிடையாது.

இரண்டைக் குழப்புகிறீர்கள், ஐயா. ஆறு மாத உத்தரவாதம் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. வியாபாரமாக விற்பவருக்குத்தான் அது பொருந்தும், தன் காரை ஒருமுறை விற்கிற வீட்டுக்காரருக்குப் பொருந்தாது. அதில் நீங்கள் சொல்வது சரி. நான் பேசுவது அதற்கு முன்பிருந்தே உள்ள பொதுச் சட்டம். தெரிந்து மறைப்பது மோசடி என்பது டீலருக்கும் ஒன்றுதான், தாத்தாவுக்கும் ஒன்றுதான்.

இசிபிங்கோ: சொன்னால் விலை குறையுமே.

குறையும். அந்த விலைதான் அந்த வண்டியின் விலை. இப்படி எழுதுங்கள்: 'இரு பக்க சில்லிலும் பட்டி உள்ளது. உள்தகடுகள் மாற்றப்பட வேண்டும் என்று நம்புகிறேன். ஃபூட்ஸ்டூட்ஸ்.' வாங்குபவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் உங்களைக் காக்கும்.

மெரபாங்க்: இருந்தாலும் காந்தம்...

இதற்குமேல் இங்கே வேண்டாம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ரிசர்வாயர் ஹில்ஸ்: மாமா வீட்டில் வி8 எஞ்சின் போட்ட ஒரு ஃபோர்டு கேப்ரி நிற்கிறது. பெரானா என்கிறார். பெரானா என்றே விளம்பரம் கொடுக்கலாமா?

நல்ல கேள்வி. ஜோஹன்னஸ்பர்க்கில் பேசில் கிரீன் மோட்டார்ஸ் ஃபோர்டு 302 வி8 போட்டு உருவாக்கிய கேப்ரிதான் பெரானா. இந்த நாட்டின் தனிச்சொத்து, வெளிநாட்டிலும் தேடுகிறார்கள். பிற்காலத்தில் சாதாரண வி6 கேப்ரியில் வி8 இறக்கியவர்களும் ஏராளம். அதனால் எஞ்சின் சான்றாகாது, பேப்பர்தான் சான்று: முதல் விற்பனை ரசீது, சர்வீஸ் புத்தகம், பழைய பதிவுப் பேப்பர், சேஸி எண். அவற்றைப் பெரானா பதிவேடு வைத்திருக்கும் ஆர்வலர்களிடம் காட்டி ஒப்பிடுங்கள். உறுதியாகும்வரை 'வி8 பொருத்திய கேப்ரி' என்று மட்டும் எழுதுங்கள். எஞ்சின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் போலீஸ் கிளியரன்ஸ். எண்ணைச் சுரண்டவோ புதிதாகக் குத்தவோ யாராவது முன்வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது குற்றம்.

ஸ்டாங்கர்: ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்து லேசாக...

கூடாது. மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன்.

ஃபீனிக்ஸ்: வாங்குபவர் கேப் டவுனில் இருக்கிறார். பணம் அனுப்பியதாக பேங்க் எஸ்.எம்.எஸ். காட்டுகிறார், நாளைக் காலை ரோல்பேக் (கார் ஏற்றிச் செல்லும் லாரி) வருகிறதாம்.

அனுப்பாதீர்கள். எஸ்.எம்.எஸ்., பி.டி.எஃப். ரசீது எல்லாம் பணம் ஆகாது. உங்கள் பேங்க் ஆப்பில் நீங்களே திறந்து பார்த்து, தொகை செலவழிக்கக்கூடிய இருப்பாக வந்திருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே சாவி. அவசரப்படுத்துபவரை இன்னும் நிதானமாகப் பாருங்கள். பணம் வந்த அன்றே உரிமை மாற்ற அறிவிப்புப் படிவத்தை லைசென்ஸ் ஆபீஸில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அது கொடுக்காதவரை அபராதமும் லைசென்ஸ் பாக்கியும் உங்கள் பெயரில்தான் ஏறும்.

வெருலம்: ரோட்வொர்த்தி (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) நான் எடுத்துக் கொடுக்க வேண்டுமா?

ஓடாத வண்டிக்கு யாரும் எடுத்துத் தர முடியாது. ரெஸ்டோரேஷன் முடிந்ததும் வாங்குபவர் எடுக்கட்டும். அதுவரை லைசென்ஸ் டிஸ்க் (கண்ணாடியில் ஒட்டும் வில்லை) கிடைக்காது, ரோட்டில் ஓட்டக் கூடாது என்று ரசீதிலேயே எழுதுங்கள்.

டோங்காட்: லாபத்துக்கு வரி உண்டா?

சொந்த உபயோகக் காருக்கு மூலதன ஆதாய வரி இல்லை. வாங்கி விற்பதே தொழில் என்றால் அது வருமானம்.

மெரபாங்க்: பழைய டிரையம்ஃப் மோட்டார்பைக் பற்றியும் கேட்கலாமா?

பைக் எனக்குத் துறை இல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் 'கார்ஸ் இன் தி பார்க்' கண்காட்சிக்குப் போனால் பழைய வண்டிக்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள், அங்கே விசாரியுங்கள்.

சாட்ஸ்வர்த்: அண்ணே, கையால் சுற்றிவிட்டது! விலையும் பேசியாயிற்று. ஆனால் பின் சக்கரம் இரண்டும் இறுகிவிட்டன. ரோல்பேக்கில் எப்படி ஏற்றுவது?

மகிழ்ச்சி, தம்பி. வின்ச் போட்டு இழுத்துவிடாதீர்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் கீழே. ஜாக்கை சில் அடியிலுள்ள ஜாக் பாயிண்டில் வைக்கவே கூடாது. துருப்பிடித்த சில் என்றால் ஜாக் உள்ளே ஏறிவிடும், வண்டி அங்கேயே நிற்கும். பின் ஆக்சிலின் அடியில் ஜாக், பக்கத்தில் ஸ்டாண்ட், முன் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை. பின் பிரேக் தட்டின் உட்புறம் சதுரத் தலையுள்ள அட்ஜஸ்டர் இருக்கும். அதில் ஊடுருவும் எண்ணெய் அடித்து ஒரு மணி நேரம் விட்டு, சரியான சதுர ஸ்பேனரால் கடிகாரத்துக்கு எதிர் திசையில் திருப்புங்கள். பிளையரால் பிடித்தால் தலை உருண்டுவிடும். பிறகு டிரம்மின் விளிம்பைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டுங்கள், 'டக்' என்று விடும். அப்படியும் விடாவிட்டால் ரோல்பேக்காரரிடம் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சறுக்குத் தட்டு கேளுங்கள். பெல்ட்டைச் சக்கரங்களில் கட்டச் சொல்லுங்கள், பம்பரில் வேண்டாம்.